20 யூனிட் என்றால் எந்த ஊசியில் 20?

ஏப்ரல் 6, 2025, காலை

வந்த கேள்வி இது:

"அக்கா, அப்பாவுக்கு அரசு மருத்துவமனையில் இன்சுலின் பாட்டில் கொடுக்கிறார்கள். காலையில் 20 யூனிட், ராத்திரி 12. சிரிஞ்சு மட்டும் வெளியே மெடிக்கலில் வாங்குகிறோம். முன்பு சிகப்பு மூடி போட்டது தருவார்கள், இப்போது ஆரஞ்சு மூடி தருகிறார்கள். கேட்டால் எல்லாம் இன்சுலின் சிரிஞ்சுதான், வித்தியாசம் ஒன்றுமில்லை என்கிறார் கடைக்காரர். 20 என்ற கோடு வரை இழுத்தால் 20 யூனிட்தானே?"

இல்லை தம்பி. பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலில் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். நம் ஊர் அரசு மருத்துவமனையில் தரும் 10 மில்லி பாட்டிலில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் என்றுதான் இருக்கும். அதாவது பாட்டில் முழுவதற்கும் 400 யூனிட். அடுத்து சிரிஞ்சின் உடம்பில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். சிகப்பு மூடி யூ-40, ஆரஞ்சு மூடி யூ-100. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஏன் என்றால், சிரிஞ்சுக்கு உள்ளே இருக்கிற மருந்தின் வீரியம் தெரியாது. அதற்குத் தெரிந்தது எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பது மட்டும். யூ-40 சிரிஞ்சில் ஒரு மில்லியை 40 பங்காகப் பிரித்திருப்பார்கள். யூ-100 சிரிஞ்சில் அதே ஒரு மில்லியை 100 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. மில்லிக்கு 40 யூனிட் மருந்தில் 0.2 மில்லி என்றால் 8 யூனிட். உங்கள் அப்பாவுக்குப் போவது 20 இல்லை, 8.

மாற்றிப் போட்டால் இன்னும் மோசம். மில்லிக்கு 100 யூனிட் மருந்தைச் சிகப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அரை மில்லி, 50 யூனிட். அது ஆளைச் சாய்க்கிற அளவு.


ஏப்ரல் 6, இரவு

காலையில் எழுதியதற்குக் கீழே ஒருவர் கணக்கு கேட்டிருக்கிறார்: கையில் ஆரஞ்சு மூடிதான் இருக்கிறது, கடை மூடிவிட்டார்கள், என்ன செய்வது?

கணக்கு என்று பார்த்தால் எளிது. 40 மருந்தை 100 சிரிஞ்சில் எடுக்கும்போது டாக்டர் சொன்ன யூனிட்டை இரண்டரையால் பெருக்க வேண்டும். 20 யூனிட்டுக்கு 50 என்ற கோடு. 12 யூனிட்டுக்கு 30.

எழுதி முடித்துவிட்டு மறுபடி யோசித்தேன். கணக்கு சரிதான், ஆனால் இதை வீட்டுப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்று பலமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி போடுகிறவர் எப்போதும் நீங்களாகவே இருக்கமாட்டீர்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது உங்கள் தங்கையோ பக்கத்து வீட்டு நர்ஸம்மாவோ போடுவார்கள். "அப்பாவுக்கு 50 கோடு" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன எண், அவர்கள் கையில் சிகப்பு மூடி சிரிஞ்சு இருந்தால் என்ன ஆகும்? சிகப்பில் 40-க்கு மேல் கோடே இல்லை. முழுசாக ஒன்று இழுத்து, மிச்சத்துக்கு இன்னொன்று இழுப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்வார்கள்.

அந்த ஒரு ராத்திரிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள். விடிந்ததும் பொருத்தமான சிரிஞ்சு வாங்குங்கள். கணக்குப் போட வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.


ஏப்ரல் 7

மூடி நிறத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் சிகப்பும் ஆரஞ்சும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும். கண்புரை இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். என் மாமியாருக்கு நான் ஊசி போடத் தொடங்கிய நாளிலிருந்து மூடியைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மூடியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சின் கடைசிக் கோட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு மில்லி சிரிஞ்சில் 40-இல் முடிந்தால் யூ-40. 100-இல் முடிந்தால் யூ-100. அரை மில்லி யூ-100 சிரிஞ்சு ஒன்று இருக்கிறது, அது 50-இல் முடியும். அதில் ஒரு சின்னக் கோட்டுக்கு ஒரு யூனிட். ஒரு மில்லி யூ-100-இல் சின்னக் கோடு ஒவ்வொன்றும் இரண்டு யூனிட். கோட்டை எண்ணிப் போடுகிற பழக்கம் இருப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.


ஏப்ரல் 7, மதியம்

கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். "அக்கா, பாட்டில் 40தான். சிரிஞ்சு 100தான். இன்றைக்கே சிகப்பு மூடி வாங்கிவிட்டேன். ராத்திரியிலிருந்து சரியாகப் போட்டுவிடலாமா?"

நிறுத்துங்கள். எப்போதிலிருந்து ஆரஞ்சு மூடி? அந்த நேரத்தில் டாக்டர் அளவைக் கூட்டினாரா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள், அதற்கு அப்புறம்தான் ராத்திரி ஊசி.


ஏப்ரல் 7, மாலை 5 மணி

பதில் வந்தது. பயந்தது போலத்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு ஆரஞ்சு மூடி. பொங்கல் வரை காலையில் 14 யூனிட், சுகர் கட்டுக்குள் இருந்திருக்கிறது. மாசியில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றிலேயே ஏறிப் போய், டாக்டர் 14-ஐ 20 ஆக்கியிருக்கிறார். டாக்டர் மேல் தப்பில்லை. அவர் மேசையில் ரிப்போர்ட்தான் இருக்கிறது, சிரிஞ்சு இல்லை.

கணக்கைப் பாருங்கள். பொங்கல் வரை அப்பா உடம்புக்குப் போனது உண்மையான 14. ஆரஞ்சு மூடி வந்ததும் 14 கோடு என்பது 5.6 யூனிட். சுகர் ஏறியது. 20 ஆகக் கூட்டியபின் உண்மையில் 8. இன்று நீங்கள் நல்லது செய்கிறேன் என்று சிகப்பு மூடியில் 20 போட்டால், 8-இலிருந்து ஒரே தாவலில் 20. ராத்திரி 12 என்பது இவ்வளவு நாள் 4.8. அது 12 ஆகும். தூக்கத்தில் சுகர் இறங்கினால் வீட்டில் யாருக்கும் தெரியாது. 67 வயதோ 77 வயதோ, வயதானவர்களுக்குச் சில நேரம் வியர்வை, நடுக்கம் என்று முன்னறிவிப்பும் சரியாக வராது. நேராகக் குழப்பம், மயக்கம்தான்.

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஊசி தப்பாக இருந்தபோது சுகர் ஏறியது என்று கூட்டிய எண், ஊசி சரியானதும் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கும். தப்பைத் திருத்துகிற அன்றைக்குத்தான் ஆபத்து அதிகம்.

இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். பழைய சிரிஞ்சு ஒன்று, புது சிரிஞ்சு ஒன்று, பாட்டில், சீட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் புரியாமல் போகலாம். மேசையில் வைத்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.


ஏப்ரல் 8

போய்வந்துவிட்டார்கள். டாக்டர் பழைய 14-க்கும் கீழே, 10-இல் தொடங்கி, சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும் முன்னும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார். சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. அப்பா இந்தக் களேபரத்தைப் பார்த்து, "அப்போ இத்தனை நாளா எனக்கு ஊசி குத்தினது வீணா?" என்று கேட்டாராம். பாவம்.

தம்பி, தலையணைக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பா வையுங்கள். 70-க்குக் கீழே காட்டினால், ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்கு அடியுங்கள்.


ஏப்ரல் 11

டொரன்டோவில் இருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இங்கே 40 என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஏன் இந்தியாவில் மட்டும் இரண்டு?"

கேட்டது டொரன்டோவிலிருந்து என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உலகத்திலேயே முதல் இன்சுலின் ஊசி உங்கள் ஊரில்தான் போடப்பட்டது. 1922 ஜனவரி 11, டொரன்டோ பொது மருத்துவமனை, லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். எவ்வளவு போட்டார்கள் தெரியுமா? 15 மில்லி. இரண்டு பக்கப் புட்டத்திலும் 7.5 மில்லி. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த கலங்கல் சாறு. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, ஊசி போட்ட இடம் ஒன்றில் சீழ் கட்டிக்கொண்டது. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்து, ஜனவரி 23-ஆம் தேதி மறுபடி போட்டபோதுதான் பையனுக்குத் தெம்பு வந்தது.

அப்போது மருந்தை எடை போட்டு அளக்க வழியில்லை, ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் வீரியம் மாறும். அதனால் முயலை வைத்து அளந்தார்கள். பட்டினி போட்ட 2 கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்க எவ்வளவு தேவையோ அது ஒரு யூனிட். அது பெரிய அளவாக இருந்ததால் பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கை யூனிட் ஆக்கினார்கள். இன்றைக்கு முயல் இல்லை. மனித இன்சுலின் 0.0347 மில்லிகிராம் என்பதுதான் ஒரு யூனிட். ஆனால் யூனிட் என்ற பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் பக்கமும் ஒரு காலத்தில் குழப்பம்தான். அமெரிக்காவில் 40-உம் 80-உம் பக்கத்துப் பக்கத்தில் விற்றார்கள், ஒரே சிரிஞ்சில் இரண்டு பக்கமும் இரண்டு அளவுகோல். எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தடுமாறியதால்தான் 1973-இல் 100 என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டன் 1983-இல் மாறியது. நம் நாட்டில் இன்சுலின் பேனாவும் அதன் உள்ளே மாட்டுகிற 3 மில்லி மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜும் 100-இல் வந்துவிட்டன, பாட்டில் பெருமளவு 40-இலேயே இருக்கிறது. ஒரே வீட்டுக் குளிர்பெட்டியில் இரண்டும் இருக்கும். ஆபத்து அங்கேதான்.

உங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு என்று நல்ல தரமான சிரிஞ்சு பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறீர்கள். அவை எல்லாமே யூ-100. அன்போடு கொண்டுவந்த பெட்டியை அம்மா தூக்கிப் போட மாட்டார், உபயோகிப்பார். அதற்குப் பதில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கி வாருங்கள். முதலில் அம்மாவிடம் இருக்கும் மீட்டர் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 12

பேனா பற்றி நேற்று எழுதியதில் சேர்க்க வேண்டியது: பேனா கெட்டுப் போனால், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜில் சிகப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி மருந்தை எடுக்காதீர்கள். அது 100. சிரிஞ்சு 40. இரண்டரை மடங்கு போகும். மருந்து வீணாகிறதே என்று செய்வார்கள், எனக்குத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்திருக்கிறார்கள். பேனா மாற்றிக்கொள்ளும் வரை என்ன செய்வது என்று மருத்துவமனையில் கேளுங்கள்.


ஏப்ரல் 19

மருந்தை இழுக்கும் முறையைக் கேட்டு நிறையப் பேர். நான் அத்தைக்கு எப்படி எடுக்கிறேன் என்று எழுதுகிறேன். அவருக்கு வெள்ளையாகக் கலங்கி இருக்கிற 30/70. அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்கிற தெளிந்த இன்சுலின், 70 பங்கு மெதுவாக வேலை செய்கிற என்பிஹெச்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிடுவேன். சில்லென்று போட்டால் எரியும். பாட்டிலைப் பார்த்தால் அடியில் வெள்ளை மாவு போலப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அந்த நிலையில் எடுக்கவே கூடாது. குலுக்கவும் கூடாது, நுரை வந்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துப் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைப்பேன். அடியில் படிந்தது சுழன்று எழுந்து மேலே வரும், கடைசியில் பாட்டில் முழுக்க ஒரே வெள்ளை ஆகும். அதற்குப் பிறகும் பாட்டில் சுவரில் பனி படிந்தது போல ஒட்டிக்கொண்டிருந்தாலோ, கட்டி கட்டியாக மிதந்தாலோ அந்தப் பாட்டில் கெட்டுவிட்டது.

சரியாக உருட்டாமல் எடுத்தால் என்ன? பாட்டிலின் ஆரம்ப நாட்களில் ஒரு கலவை போகும், கடைசி நாட்களில் வேறு கலவை போகும். அளவு ஒன்றுதான், கோடு ஒன்றுதான், சுகர் மட்டும் காரணம் தெரியாமல் ஆடும்.

அப்புறம் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய விட்டு, எடுக்கப் போகும் அளவுக்குச் சிரிஞ்சில் காற்று இழுத்து அதைப் பாட்டிலுக்குள் தள்ளிவிடுவேன். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் வெற்றிடம் உண்டாகி மருந்து வர முரண்டு பிடிக்கும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனை மருந்துக்குள் மூழ்கியிருக்கும்படி இழுத்து, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பேன். கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பைப் பார்ப்பது என்பதில் பலருக்குச் சந்தேகம். ஊசி முனைப் பக்கம் இருக்கிற விளிம்பு, அதுதான் கணக்கு. கட்டைவிரல் பக்கம் இருக்கிற விளிம்பைப் பார்த்தால் சில யூனிட் குறையும்.

காற்றுக் குமிழி பயம் எல்லோருக்கும் இருக்கிறது. தோலுக்கு அடியில் போடுகிற ஊசியில் குமிழி போனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குமிழி இருக்கிற இடத்தில் மருந்து இல்லை. 10 யூனிட் போடுகிறவருக்கு ஒரு பெரிய குமிழி என்பது கணிசமான குறைவு. விரலால் சுண்டி, காற்றை மேலே ஏற்றி, பாட்டிலுக்குள்ளேயே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள்.


ஏப்ரல் 20

தெளிந்தது ஒரு பாட்டில், கலங்கியது ஒரு பாட்டில் என்று இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கச் சொல்லியிருந்தால்: காற்றை முதலில் கலங்கியதில் தள்ளுங்கள், பிறகு தெளிந்ததில் தள்ளுங்கள், தெளிந்ததை முதலில் இழுங்கள், கடைசியாகக் கலங்கியது. தெளிந்த பாட்டிலுக்குள் வெள்ளை ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற கிளார்ஜின் இன்சுலினும் தெளிவாக இருக்கும், ஆனாலும் அதை எதனோடும் கலக்கக் கூடாது, அது அமிலத் தன்மை உள்ள மருந்து.


மே 5

அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கியது. எதிர்பார்த்தது போலவே கேள்வி வந்துவிட்டது: "எங்கள் ஊரில் பகலில் கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது?"

திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரி வரை. திறந்ததை ஏறக்குறைய நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம் என்பார்கள், ஆனால் அந்த வெளியே என்பது 25, 30 டிகிரி. வேலூர், திருத்தணி மே மாதம் அந்தக் கணக்கில் வராது. மண் பானையில் பாதி ஈர மணல் போட்டு, பாட்டிலைத் தண்ணீர் புகாத டப்பாவுக்குள் அடைத்து அதன் மேல் வைத்து, மூடி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மணலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் குளிர் வராது. ஆனால் கொதிக்கிற அறையை விடப் பல டிகிரி குறையும், திறந்த பாட்டிலுக்கு அது போதும். ஃபிரிட்ஜ் இருக்கிறவர்கள் கதவுத் தட்டில் வையுங்கள். ஃபிரீசருக்குக் கீழே ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகிய பிறகும் அந்த மருந்து உதவாது.

பைக் பெட்டி, காரின் முன் தட்டு இரண்டும் இன்சுலினுக்கு எமன்.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். வெயிலில் வீரியம் போன பாட்டிலைப் போட்டுக்கொண்டிருந்தால் சுகர் ஏறும். ஏறியதென்று அளவைக் கூட்டுவார்கள். கூட்டிய அளவைப் புதுப் பாட்டிலில் எடுத்தால்? சிரிஞ்சு விஷயத்தில் ஏப்ரலில் சொன்னதேதான். சுகர் காரணமில்லாமல் ஏறினால் முதலில் மருந்தும் ஊசியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும். இதை எழுத எழுத எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எத்தனை வீடுகளில் இது யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருக்கும்!


மே 9

ஊசி போட்ட இடத்தில் கட்டி. அளவைத் தப்பாகக் கூட்ட வைக்கிற வரிசையில் இதையும் சேர்க்க வேண்டும், பொருந்தாத சிரிஞ்சு, வெயிலில் கெட்ட மருந்து இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக.

ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு மெத்தென்று அல்லது கெட்டியாக ஒரு மேடு வரும். அங்கே குத்தினால் வலிக்காது. அதனாலேயே அங்கேயே குத்துவார்கள். அத்தைக்குத் தொப்புளின் இடது பக்கம் அப்படி ஒரு மேடு. "அங்கேயே போடு கண்ணு, சுருக்குன்னு இல்லாம இருக்கு" என்பார். அந்த மேட்டிலிருந்து மருந்து ஒழுங்காக ரத்தத்துக்குப் போகாது. ஒரு நாள் மெதுவாக, ஒரு நாள் வேகமாக. சராசரியாகப் பார்த்தால் குறைவாக. அதற்கும் அளவைக் கூட்டியிருப்பார்கள். பிறகு ஒரு நல்ல நர்ஸ் பார்த்து, இனி இங்கே குத்தாதீர்கள் என்பார். நல்ல தோலில் அதே அளவைக் குத்தினால் முழு மருந்தும் வேலை செய்யும். சுகர் இறங்கும்.

இடம் மாற்றும்போதும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அத்தைக்கு மாற்றியபோது அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள், அந்த வாரம் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தோம். வயிற்றில் போட்டால் சீக்கிரம் ஏறும், தொடையில் மெதுவாக. அதனால் இன்று வயிறு, நாளை தொடை என்று தாவுவதும் சரியில்லை. காலைக்கு ஒரு பகுதி, இரவுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குள் இரண்டு விரல் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதும் கட்டிக்கு ஒரு காரணம். காசு மிச்சம் என்று செய்கிறோம், புரிகிறது. முனை மழுங்கினால் தோல் கிழிந்து கிழிந்து ஆறும். பேனா வைத்திருப்பவர்கள் 4 மில்லிமீட்டர் நீடில் கேளுங்கள், குண்டானவர்களுக்கும் அது போதும். மாட்டியதும் 2 யூனிட் வெளியே தள்ளி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு, அளவை வைத்து, அழுத்தியபின் பத்து வரை எண்ணி எடுங்கள். உடனே எடுத்தால் மிச்சம் முனையில் சொட்டும்.


மே 10

30/70 போடுகிறவர்கள் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும் என்று நேற்றே எழுதியிருக்க வேண்டும். குக்கர் விசில் வந்த பிறகு போடுங்கள். கல்யாண வீட்டில் பந்தி எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் போடவே போடாதீர்கள்.


மே 24

நியூஜெர்சியிலிருந்து ஒருவர்: "எடை குறைக்க செமாக்ளூடைடு எடுக்கிறேன். பேனாவில் இல்லை, கலந்து தருகிற மருந்தகத்தில் சின்னப் பாட்டிலில் தந்தார்கள். இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் எடுக்கச் சொன்னார்கள். நண்பர் 20 யூனிட் எடுக்கிறாராம். அவரைப் போல நானும் கூட்டலாமா?"

கூடவே கூடாது. இன்சுலினுக்காவது யூனிட் என்பது மருந்தின் அளவு. செமாக்ளூடைடை மில்லிகிராமில்தான் அளக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசும்போது சிரிஞ்சில் உள்ள யூனிட் வெறும் கோட்டு எண். யூ-100 சிரிஞ்சில் 10 கோடு என்றால் 0.1 மில்லி, அவ்வளவுதான் அதற்குப் பொருள். உங்கள் பாட்டிலில் மில்லிக்கு 2.5 மில்லிகிராம் இருந்தால் அந்த 10 கோடு 0.25 மில்லிகிராம், வழக்கமாகத் தொடங்குகிற அளவு. நண்பர் பாட்டிலில் மில்லிக்கு 5 மில்லிகிராம் இருந்தால் அவருடைய 20 கோடு ஒரு முழு மில்லிகிராம். அவர் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காகவே எச்சரிக்கை விட்டது. பாட்டிலிலிருந்து தாங்களே இழுத்தவர்களில் சிலர் சொன்ன அளவைப் போல 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாந்தி, மயக்கம், சிலருக்கு மருத்துவமனை. இன்சுலின் அதிகமானால் சர்க்கரை கொடுத்துத் தூக்கலாம். செமாக்ளூடைடு உடம்பில் பாதி கரையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்தகத்தில் மூன்றையும் எழுதி வாங்குங்கள்: எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லி, இந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு. மூன்றில் ஒன்றைச் சொல்லத் தயங்கினாலும் அங்கே வாங்காதீர்கள்.

லேபிளே இல்லாமல் வலைக்கடையில் தூளாக விற்கிற பெப்டைடுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத தூளுக்கு எந்தச் சிரிஞ்சும் கணக்குச் சொல்லாது. என்னிடம் அதற்குப் பதில் அவ்வளவுதான்.


மே 25

சீட்டைப் பற்றி. 10 யூனிட் என்பதை 10 போட்டுப் பக்கத்தில் ஆங்கில யூ எழுத்தை ஒட்டி எழுதினால், அவசரக் கையெழுத்தில் அந்த யூ பூஜ்யமாகி 100 என்று தெரியும். உலகம் முழுக்க இந்தத் தப்பு நடந்திருக்கிறது. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "யூனிட் என்று முழுசாக எழுதிக் கொடுங்கள், பாட்டில் 40-ஆ 100-ஆ என்பதையும் எழுதுங்கள்." என் அனுபவத்தில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.


ஜூன் 8

ஏப்ரல் மாதத் தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்குக் காலை 14, ராத்திரி 8 என்று நிலைத்திருக்கிறதாம். பொங்கலுக்கு முன் இருந்த அதே 14. கடைக்காரரிடமும் போய் இரண்டு சிரிஞ்சையும் காட்டிப் பேசியிருக்கிறார். அவர் இப்போது பாட்டில் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் சிரிஞ்சு எடுக்கிறாராம். நல்ல மனிதர்.

மிச்சமிருந்த ஆரஞ்சு மூடிப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டார். வீட்டில் வைக்காதீர்கள். பிரிக்காத பெட்டி என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வாங்காவிட்டால் மருத்துவமனையில் கொடுங்கள்.

குத்திய ஊசிகளைக் குப்பையில் போடாதீர்கள். மூடியைத் திரும்ப மாட்டினாலும் பிளாஸ்டிக் பையில் கிழித்துக்கொண்டு வரும், குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் விரலில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவோ ஃபினாயில் பாட்டிலோ ஒன்றை இதற்கென்றே வைத்து, முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக்கி மூடி, மேலே ஊசி என்று பெரிதாக எழுதி, இன்சுலின் வாங்கப் போகும் அன்று மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் வாங்கிக்கொள்கிறார்கள்.